கன்னத்தில் ஒரு முள்



மேசைமேல் ஓர் எனாமல் தட்டு இருக்கிறது. தட்டில் பனிக்கட்டி, பனிக்கட்டிமேல் ஒரு மீன். இன்று விடியற்காலை ஏலம் நடந்த இடத்தில் கலவாய்க்கும் விளமீனுக்கும் நடுவில் கிடந்தது. வாங்கி வந்தேன் என்று சொல்வதற்கில்லை. கூடைக்காரர் கலவாயை மட்டும் எடை போட்டுவிட்டு, "இது முள்ளு மீனு சார், சும்மா கொண்டு போங்க" என்று பையில் போட்டுவிட்டார். அந்தச் சும்மா வந்த மீனைப் பற்றித்தான் இன்றைக்கு ஒரு மணி நேரம் பேசப் போகிறேன்.

பின்வரிசைக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒரு சாண் நீளம். தலை முதல் வால் வரை சிவப்பும் வெள்ளியுமாகப் பட்டை பட்டையாக ஓடும் கோடுகள். செதில் ஒவ்வொன்றும் அரம் போலச் சொரசொரப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் கண். உடம்பு இவ்வளவுதான், கண் இவ்வளவு பெரிது. ஆங்கிலத்தில் இதன் கூட்டத்துக்கு அணில் மீன் என்று பெயர் வந்தது இந்தக் கண்ணால்தான் என்பார்கள். இன்றைய பேச்சுக்கு நானும் அணில் மீன் என்றே சொல்கிறேன். அறிவியல் பெயர் சார்கோசென்ட்ரான் ரூப்ரம். செங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரையிலும் பவளப்பாறை உள்ள இடங்களில் கிடைக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

இது இரவு மீன். பகல் முழுக்கப் பாறை இடுக்கில் கிடக்கும், இருட்டியபின் வெளியே வந்து நண்டும் இறாலும் சிறு மீனும் பிடித்துத் தின்னும். இப்படி ஒரு வரியில் எழுதி எல்லாப் புத்தகமும் அடுத்த மீனுக்குப் போய்விடுகிறது. எனக்கு அந்த வரி போதவில்லை. ஒரு மீனை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று முடிவு செய்தவர்கள் எல்லாரும் செத்த மீனைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர்கள். முள்ளை எண்ணினார்கள், எலும்பைத் தடவிப் பார்த்தார்கள். அந்த மீன் இரவில் எங்கே போகிறது, என்ன கேட்கிறது என்று அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் அவர்கள் முள்ளைப் பார்த்துப் போட்ட கோடு, இருட்டில் அந்த மீன்கள் பிரிந்து போகும் வழியிலேயே விழுந்திருக்கிறது. அது எப்படி என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் எண்ணிப் பார்ப்போம். முதுகுத் துடுப்பில் 11 முள். அதற்குப் பின்னால் மெல்லிய கதிர்கள். வாலுக்கு முன்னால் அடியில் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். அதில் 4 முள், மூன்றாவது மட்டும் தடித்து நீண்டு ஊசி மாதிரி இருக்கிறது. இதே இடத்தில் கலவாய்க்கும் விளமீனுக்கும் மூன்றே முள்தான். வயிற்றுத் துடுப்பை விரித்தால் ஒரு முள்ளும் 7 கதிரும். கலவாய்க்கு அங்கே ஒரு முள்ளும் 5 கதிரும். இந்த ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். நாம் தினமும் சமைக்கும் முள்துடுப்பு மீன்களில் பெரும்பாலானவை அந்த 5 கதிர்க் கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தப் பெருங்கூட்டத்தின் வழியில் சேராமல் தனியே பிரிந்து வந்த பழைய கிளை என்பதற்கு இந்த 7 ஓர் அடையாளம். கூடையில் கலவாய்க்குப் பக்கத்தில் கிடந்தாலும் அது கலவாய்க்குத் தூரத்துச் சொந்தம்தான்.

எவ்வளவு பழைய கிளை என்று கேட்டால், இத்தாலியின் வடக்கே வெரோனாவுக்கு அருகில் மான்டே போல்கா என்று ஒரு மலை இருக்கிறது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது வெதுவெதுப்பான கடலின் அடித்தரை. அங்கே சுண்ணாம்புக் கல்லைப் பிளந்தால் மீன்கள் முள்ளு முள்ளாகப் பதிந்து கிடக்கின்றன. அவற்றில் இந்தக் குடும்பத்து மீன்களும் உண்டு. தட்டில் கிடக்கும் இதன் குடும்பம் அப்போதே தனிக் குடும்பம்.

இதற்கு முதலில் பெயர் வைத்தவரின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பேட்டர் ஃபோர்ஸ்கால் என்று ஓர் இளைஞர். 1732இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். டென்மார்க் மன்னர் அரபு நாடுகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். 1761 ஜனவரியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் புறப்பட்டது. குழுவில் ஆறு பேர். ஃபோர்ஸ்கால் செங்கடல் கரையில் கிடைத்த மீனையெல்லாம் பார்த்து எழுதினார். நம் மீனை அவர் பார்த்தது ஜித்தாவில். சாராயத்தில் ஊறவைத்து மீனை நெடுந்தூரம் அனுப்புவது கடினம் என்பதால் அவர் கையாண்ட முறை வேறு. மீனை நெடுக்காகப் பாதியாக அறுத்து, ஒரு பக்கத்துத் தோலைத் துடுப்போடு உரித்து, காயவைத்து, இலையை ஒட்டுவது போலக் காகிதத்தில் ஒட்டினார். தாவரம் படித்தவர் அல்லவா, மீனையும் இலை மாதிரியே பாடம் செய்தார். அந்தத் தாள்கள் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கின்றன. பாதித் தோல்தான். ஆனால் முள்ளை எண்ணிவிடலாம்.

1763 ஜூலையில் ஏமனின் யரீம் என்ற ஊரில் மலேரியாவில் ஃபோர்ஸ்கால் இறந்தார். வயது 31. குழுவில் ஒருவர் அவருக்கு முன்பே போய்விட்டார், மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இருவர் பம்பாய்க்கு வரும் வழியில் கப்பலிலேயே, ஒருவர் பம்பாயில். கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான் 1767இல் உயிரோடு ஊர் திரும்பினார். நண்பர் விட்டுச் சென்ற குறிப்புகளை அவர் 1775இல் புத்தகமாக அச்சிட்டார். எழுதியவர் இறந்து 12 ஆண்டு கழித்து வெளிவந்த அந்தப் புத்தகத்தில்தான் நம் மீன் முதன்முதலாகப் பெயர் பெறுகிறது. சியேனா ரூப்ரா. சிவந்த சியேனா.

அதே புத்தகத்தில் இன்னொரு சிவப்பு மீனும் வருகிறது. சியேனா முர்ஜான். முர்ஜான் என்பது ஃபோர்ஸ்காலின் கற்பனை அல்ல, அரபு மொழிச் சொல். பவளம் என்று பொருள். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் மர்ஜானா என்று பெண் குழந்தைக்கு வைக்கிறார்களே, அதே சொல்தான். பவளத்திட்டில் வாழும் செந்நிற மீனுக்கு அந்தக் கரை மக்கள் பவளம் என்றே பேர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அப்படியே ஏட்டில் ஏற்றிய அந்த இளைஞர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சியேனா என்பது அன்றைக்கு ஒரு பெரிய பெட்டி. இனம் தெரியாத மீன் பலவற்றை அதில் போட்டு வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள். நம் மீன் ஹோலோசென்ட்ரஸ் ஆனது. உடம்பெல்லாம் முள் என்று கிரேக்கத்தில் பொருள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் டே எழுதிய இந்திய மீன்கள் நூலில் ஹோலோசென்ட்ரம் ரூப்ரம். 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஏடியோரிக்ஸ் ரூபர். ஏடியோரிக்ஸ் என்ற பெயர் வந்தது 1908இல். ஆனால் ஃபௌலர் என்ற அமெரிக்கர் 1904லேயே சார்கோசென்ட்ரான் என்று பெயர் வைத்துவிட்டிருந்தார். முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது விதி. ஆகவே பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து வைத்தார்கள். ஹோலோசென்ட்ரஸ் என்ற பெயர் இன்று அட்லாண்டிக்கில் வாழும் இரண்டே இனங்களுக்கு உரியது.

தமிழ் படித்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ரூப்ரா, ரூபர், ரூப்ரம். லத்தீனில் பேரினப் பெயர் பெண்பாலானால் அடையும் பெண்பாலாக வேண்டும். சியேனாவாக இருந்தபோது சிவந்தவள், ஏடியோரிக்ஸாக இருந்தபோது சிவந்தவன், சார்கோசென்ட்ரான் ஆனபின் சிவந்தது. இருநூற்றைம்பது ஆண்டில் மூன்று பாலும் ஆகிவிட்டது. சிவப்பு மட்டும் மாறவில்லை.

இனி கன்னத்து முள்ளுக்கு வருகிறேன். செவுள் மூடிக்கு முன்னால் கன்னத்தில் ஓர் எலும்பு வளைந்து இறங்குகிறது. அதன் கீழ்முனையில், பின்னோக்கி நீட்டியபடி, ஒரு முள். இதோ, இடுக்கியால் தூக்கிக் காட்டுகிறேன். விரல் நகத்தின் நீளம் இருக்கும். இதில் நஞ்சு உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குத்தினால் வலி சாமானியமாகப் போகாது. பல ஆண்டுகளுக்கு முன்னால் மீன் பிடிக்கும் கூட்டுக்குள் கையை விட்டு இதே மீனை எடுக்கப் போய், கட்டைவிரல் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது எனக்கு. கூடைக்காரர் முள்ளு மீன் என்று சொன்னதில் பொய்யே இல்லை.

ஃபோர்ஸ்கால் ஒரே பெட்டியில் வைத்த இரண்டு மீன்களில் ரூப்ராவுக்கு இந்த முள் இருக்கிறது, முர்ஜானுக்கு இல்லை. முர்ஜானின் கன்ன எலும்பு விளிம்பெல்லாம் ரம்பப் பல்லாக இருக்கும், நீண்ட முள் மட்டும் கிடையாது. பாரிஸில் இருந்த குவியே என்ற விலங்கியலாளர் 1829இல் இதைப் பார்த்து முர்ஜானைத் தனிப் பேரினமாக்கினார். மிரிப்ரிஸ்டிஸ் என்று பெயர். பத்தாயிரம் ரம்பம் என்று பொருள். ஆங்கிலத்தில் இவற்றைச் சிப்பாய் மீன் என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 90 இனங்கள். முள் உள்ள அணில் மீன்கள் ஒரு துணைக்குடும்பம், முள் இல்லாத சிப்பாய் மீன்கள் இன்னொன்று. விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு, பொதுவில் கோடு அதுதான்.

குடும்பத்துக்கு மேலே எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில் சண்டை ஓயவில்லை. ஆழ்கடலில் வாழும் பெரிக்ஸ் வகை மீன்களோடு இவற்றை ஒரே வரிசையில் வெகுகாலம் வைத்திருந்தார்கள். மரபணுக்களை வைத்துப் பார்த்த சிலர், இல்லை, இது தனி வரிசை என்று 2013க்குப் பிறகு பிரித்தார்கள். வேறு சிலர் பழைய வரிசையிலேயே இருக்கட்டும் என்கிறார்கள். அதில் நான் கட்சி சேரப் போவதில்லை. ஆழ்கடலுக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இப்போது தட்டை விட்டுக் கடலுக்குப் போவோம்.

ஒரு மாசி மாதம், கடல் தெளிந்திருந்த நேரம், தூத்துக்குடிக்குக் கிழக்கே ஒரு பாரில் இறங்கினேன். பார் என்றால் கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணல் தரையில் மேடாக எழும்பியிருக்கும் கடலடிப் பாறைத்திட்டு. வல்லத்தில் இருந்த அண்ணாச்சி, "பொழுது அடையுற நேரத்துல மீன் எதுவும் கண்ணுக்கு மாட்டாதே" என்று தடுத்துப் பார்த்தார். எனக்கு அந்த நேரம்தான் வேண்டும் என்றேன்.

சூரியன் இறங்கும் முன்பே போய்ப் பாறையின் அடிப்புறத்தில் ஒரு பிளவைப் பார்த்து வைத்துக்கொண்டேன். முழங்கை நுழையும் அகலம். உள்ளே வெளிச்சம் போகாத இடத்தில் மேல்கூரையை ஒட்டி ஐந்தாறு கண்கள். அவ்வளவுதான் தெரிந்தது. தட்டில் இப்படிக் கண்ணைப் பறிக்கிறதே இந்தச் சிவப்பு, அங்கே அது இல்லை. சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. பத்து மீட்டர் இறங்குவதற்குள் பெரும்பகுதி போய்விடும். சிவப்பு ஒளி இல்லாத இடத்தில் சிவப்பு மீன் சாம்பல் நிழல். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மீன் மட்டும் முன்னால் வந்து, பிளவின் வாசலில் நின்று, மறுபடி உள்ளே போயிற்று. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது. வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவது போல இருந்தது.

மேலே வண்ணாத்தி மீன்களும் கிளிமீன்களும் ஒவ்வொன்றாக இறங்கி இடுக்குகளில் நுழைந்தன. ஓரா மீன் கூட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு ஒரு நேரம் வந்தது. பாரில் ஒரு மீன் இல்லை. பகல் மீன் படுத்துவிட்டது, இரவு மீன் எழுந்திருக்கவில்லை. காலி வீடு போல இருந்தது. அண்ணாச்சி சொன்னது இந்த நேரத்தைத்தான். ஹவாயில் எட்மண்ட் ஹாப்சன் என்ற ஆய்வாளர் மாலைக்கு மாலை கடலுக்குள் உட்கார்ந்து இதைக் குறித்து 1972இல் எழுதினார். சூரியன் மறைந்த பிறகு கால்மணி நேரம் போல ஓர் அமைதி. அந்த வெளிச்சத்தில் பகல் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது, இரவுக் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. கீழிருந்து மேலே பார்த்துப் பாயும் பெரிய மீன்களுக்கு அதுதான் வேட்டை நேரம். அண்ணாச்சி புத்தகம் படித்தவர் அல்ல, தூண்டில் போட்டுத் தெரிந்துகொண்டவர்.

அமைதி முடிந்ததும் பிளவு காலியாயிற்று. டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தேன், இரவு மீனின் கண் சிவப்பை அவ்வளவாக எடுக்காது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அப்படி இல்லை. ஆளைப் பொறுத்துத் திசை. கன்னத்தில் முள் உள்ள அணில் மீன் தரையை விட்டு எழும்பவில்லை. கல்லுக்குக் கல், இடுக்குக்கு இடுக்கு, மூக்கைத் தரையில் வைத்தபடி நகர்ந்தது. நண்டும் இறாலும் அந்த நேரத்தில்தான் பொந்தை விட்டு வரும். முள் இல்லாத சிப்பாய் மீன் பாறையை விட்டே மேலே எழும்பித் திறந்த தண்ணீருக்குப் போயிற்று. பகலில் மணலுக்குள்ளும் பாறைக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கும் சிறு மிதவை உயிர்கள் இருட்டியதும் மேலே கிளம்புகின்றன. அவற்றைத் தின்னப் போகிறது சிப்பாய் மீன். ஹாப்சன் ஹவாயில் பார்த்ததும் இந்தப் பிரிவினையைத்தான். ஒரே பொந்தில் பகலைக் கழித்த இரண்டு உறவுக்காரர்கள், இரவில் ஒருவர் தரைக்கு, ஒருவர் நடுத்தண்ணீருக்கு. ஹவாய்க்காரர்கள் அணில் மீனுக்கு அலாயிஹி என்றும் சிப்பாய் மீனுக்கு ஊஊ என்றும் வேறு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். இரவில் மீன் பிடிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்க வழியில்லை.

குவியே கன்னத்து முள்ளைப் பார்த்துப் பிரித்தார் என்றேன். அவர் மீனின் வயிற்றையும் அறுத்துப் பார்த்தார். முர்ஜான் வகையின் காற்றுப்பை முன்னால் இரண்டாகப் பிரிந்து மண்டையோட்டைத் தொடுகிறது என்றும், தொடும் இடத்தில் எலும்பு இல்லை, மெல்லிய சவ்வு மட்டும் என்றும் எழுதி வைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சரியாக 150 ஆண்டு கழித்து, 1979இல், கூம்ஸ், பாப்பர் என்ற இருவர் ஹவாயில் பிடித்த மீன்களுக்குத் தொட்டியில் ஒலி எழுப்பிச் சோதித்தார்கள். அணில் மீனுக்கு 800 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்டது. சிப்பாய் மீனுக்கு 3000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது, மெல்லிய ஒலியும் கேட்டது. காற்றுப்பை ஒலியை வாங்கிச் சவ்வு வழியாகக் காதுக்குக் கொடுக்கிறது. தரையைத் தடவி இரை தேடுகிறவனுக்குப் பக்கத்தில் பாறை இருக்கிறது, ஏதாவது வந்தால் நுழைந்துகொள்ளலாம். நடுத்தண்ணீரில் நிற்கிறவனுக்கு நாலு பக்கமும் இருட்டு. கூர்மையான காது அவனுக்குத்தான் அதிகம் தேவை என்று நான் புரிந்துகொள்கிறேன். குவியே கோடு போட்டது செத்த மீனின் கன்னத்தில். ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் வேறு காது, இந்தப் பக்கம் ஓர் இரவு, அந்தப் பக்கம் வேறோர் இரவு.

கேட்பது மட்டுமல்ல, பேசவும் செய்யும். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிர வைத்து உறுமும். கையில் எடுத்த உடனே டுர்டுர் என்று விரலில் அதிர்வதை வலைக்காரர்கள் உணர்ந்திருப்பார்கள். அட்லாண்டிக் இனத்தில் ஒற்றை உறுமல் ஒன்று, அடுக்கடுக்காகத் தொடரும் சத்தம் ஒன்று என்று 1960களிலேயே பிரித்து எழுதியிருக்கிறார்கள். கருக்கலிலும் விடிகருக்கலிலும் சத்தம் கூடுகிறது.

கண்ணுக்கு வருகிறேன். நம் விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று குச்சி செல்கள் ஒரே ஓர் அடுக்கு. இந்தக் குடும்பத்து மீன்களின் விழித்திரையைக் குவீன்ஸ்லாந்தில் வெட்டிப் பார்த்தபோது குச்சி செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு இருந்தன. 2021இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட அடுக்கு விழித்திரை அதுவரை பெரும்பாலும் ஆழ்கடல் மீன்களில் தெரிந்த சங்கதி. சூரியன் எட்டாத ஆழத்தில் வாழ்பவற்றின் கண், மூன்று பாக ஆழத் தண்ணீரில் வாழும் மீனுக்கு வாய்த்திருக்கிறது. சிப்பாய் மீனில் அடுக்கு அணில் மீனைவிட அதிகம். இங்கும் அதே கோடு.

இதன் குஞ்சைப் பற்றி ஒரு நிமிடம். முட்டை பொரிந்து வரும் குஞ்சு பாறையிலேயே தங்காது, திறந்த கடலில் பல வாரம் மிதக்கும். அப்போது அதற்கு மூக்கின் முனையில் ஈட்டி போல ஒரு நீண்ட முள், தலைக்குப் பின்னாலும் முட்கள். தாயின் சாயல் கொஞ்சமும் இல்லை. 1831இல் வலென்சியன் அப்படி ஒன்றைப் பார்த்துப் புதுப் பேரினம் என்றே நினைத்து ரிங்கிக்திஸ் என்று பெயர் வைத்துவிட்டார். குவியேவோடு சேர்ந்து இந்தக் குடும்பத்தையே கரைத்துக் குடித்தவர் அவர். அவருக்கே இது யார் பிள்ளை என்று தெரியவில்லை. அந்தப் பெயர் இப்போது இந்தக் குஞ்சுப் பருவத்தைக் குறிக்கும் சொல்லாக மட்டும் வழங்குகிறது. மிதந்து வரும் குஞ்சு ஓர் இரவில் பாறையை வந்தடைந்து, பொந்து ஒன்றைப் பிடித்து, ஈட்டியை உதறிவிட்டுச் சிவப்பாகிறது.

பொந்து என்றதும் இன்னொரு கடல் நினைவுக்கு வருகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு செங்கடல் மீன்கள் சில மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. நம் சார்கோசென்ட்ரான் ரூப்ரம் அங்கே 1940களில் தென்பட்டது. மத்தியதரைக் கடலின் கிழக்கில் பவளப்பாறை கிடையாது. ஆனால் கரையோரப் பாறைகளில் குகைகள் உண்டு. அது போதும் அதற்கு. லெபனான், சைப்ரஸ், துருக்கிக் கரைகளில் இன்று கடலடிக் குகைக்குள் விளக்கை அடித்தால் செங்கோடு போட்ட கூட்டம் நிற்கிறது. அந்தக் குகைகளில் முன்பே குடியிருந்த சொந்த ஊர் மீன்களில் ஒன்று சியேனா அம்ப்ரா. ஃபோர்ஸ்கால் நம் மீனை முதலில் போட்டு வைத்த சியேனாப் பெட்டிக்கு உரிய உண்மையான சியேனா அது. தவறாகச் சொந்தம் கற்பித்து எழுதப்பட்ட இரண்டு மீனும், எழுதியவர் இறந்து இருநூறு ஆண்டு கழித்து, ஒரே குகையில் பகலைக் கழிக்கின்றன. இதை முதலில் உணர்ந்தபோது எனக்கு ஃபோர்ஸ்காலிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படிக்கிறோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. தீவைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வெட்டி எடுத்தது ஒரு முக்கியமான காரணம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்த பிறகுதான் மெல்ல நின்றது. அவர்கள் தோண்டி எடுத்தது கூர்கூராகக் கிளைத்த பவளத்தை மட்டுமல்ல, பானை பானையாக வளர்ந்த கட்டிப் பவளத்தையும். இரவு மீனுக்கு வேண்டியது அந்தக் கட்டிப் பவளத்தின் அடிவயிறு. கடல் சூடேறி 2010லும் 2016லும் பவளம் வெளுத்தபோது எல்லாரும் மேலே பார்த்து வருந்தினோம். அடியில் இடிந்த கூரையை யார் பார்த்தோம்?

இதை நான் மனக்குறையாகவே சொல்கிறேன். பவளப்பாறையில் மீன் எண்ணும் வழக்கமான முறை என்ன? கயிற்றை விரித்து, இரண்டு பக்கமும் நீந்திக்கொண்டே கண்ணில் படுவதை எழுதுவது. பெரும்பாலும் பகலில்தான். பொந்துக்குள் இருக்கும் ஐந்தாறு கண்களை அந்தப் பட்டியல் தவறவிடும். பட்டியலில் இல்லாத மீன் காணாமல் போனால் அதுவும் பட்டியலில் வராது. வான் தீவுக்கு முன்னால் துளையுள்ள சிமென்ட் கட்டிகளை இறக்கியிருக்கிறார்கள், அலையின் வேகம் குறையவும் மீன் தங்கவும். நல்ல காரியம். அந்தத் துளைகளுக்குள் யார் குடியேறினார்கள் என்று இருட்டிய பிறகு போய்ப் பார்க்க வேண்டும், சிவப்புத் தாள் சுற்றிய விளக்கோடு. துளை பெரிதானால் கலவாய் நுழையும், கலவாய் நுழைந்த வீட்டில் அணில் மீன் இருக்காது. முழங்கை நுழையும் அகலம் என்று சொன்னேனே, அந்த அளவில் வாயும், உள்ளே வளைந்து வெளிச்சம் எட்டாத ஓர் இருட்டறையும் அதற்கு வேண்டும். கட்டி செய்கிறவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

கூடு போடும் அண்ணாச்சிமார்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மீன் கிடைத்தால் தூக்கிப் போடும் முன்னால் கூடு கிடந்த இடத்தையும், இரவு கிடந்ததா பகல் கிடந்ததா என்பதையும் யாராவது ஒரு பிள்ளையிடம் சொல்லி நோட்டில் எழுதி வையுங்கள். ஃபோர்ஸ்காலும் கரையில் இருந்தவர்களிடம் கேட்டுத்தான் முர்ஜான் என்று எழுதினார்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ரொம்ப நேரமாகத் தட்டையே பார்க்கிறீர்கள். வாருங்கள், வரிசையாக வாருங்கள். அடித்துடுப்பின் முதல் முள் மிகச் சின்னது, அதை விட்டுவிட்டு மூன்று என்று எண்ணிவிடுவீர்கள். இடுக்கியால் துடுப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாலை நோக்கி எண்ணுங்கள். கன்னத்துக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே நான் பிடித்துக் காட்டுகிறேன்.